கண்ணாடிக்குள் தோசையம்மன்

நேற்று டவுன்டவுனில் உன் தோசையம்மனைக் கண்டேன். ஒரு அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், மேலிருந்து வெளிச்சம் விழ நின்றாள். அதே ஒரு சாண் உயரம். அதே முன்தள்ளிய நாடி. காதைச் சுற்றி மடிந்து தோளில் விழும் அதே தலைமயிர். நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்திருக்கும் அதே வட்டத் தட்டு. "எடியே!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். நீ போய் நாலு மாதமாகிறது என்பது கத்தி முடிந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்து என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து குளிர்ச் சப்பாத்துகளைக் கழற்றிவிட்டேன். அம்மனுக்கு முன்னால் சப்பாத்தோடு நின்று பழக்கமில்லையே. பளிங்குத் தரையில் வெறும் காலுறையோடு, கைகூப்பிக்கொண்டு, கண்ணீரும் மூக்குமாக நின்றேன். காவலுக்கு நின்ற பெண் ஓடிவந்து, "மதாம், மதாம், வோ பொத்!" என்று என் சப்பாத்தைக் காட்டினாள். நீ இருந்திருந்தால் அந்த இடத்திலேயே விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். உன் மகள் மயூரி சிரிக்கவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "அன்ரி, இது அம்மாட அம்மன்தானே? நீங்களும் சொல்லுங்கோ" என்றாள். அதற்காகத்தான் அவள் தான் இருக்கிற புரோசார்டிலிருந்து வந்து, ஏன் எதற்கென்று சொல்லாமல் என்னைக் கூட்டிப்போயிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சப்பாத்தை மாட்டக் குனிந்தேன். ஏனென்று உனக்குத் தெரியும்.

அம்மன் நம் கைக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? அஹுன்ட்சிக்கில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் பழைய சாமான் விற்பனை. நான் கார்தெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் சமைக்கிறவள், பெரிய சட்டி தேடி வந்தேன். நீ சும்மா வந்தாய். நீ சும்மா வருகிற இடத்தில்தான் ஏதாவது நடக்கும். ஒரு வெள்ளைக்காரக் கிழவி தன் சித்தப்பாவின் வீட்டுச் சாமான்களை மேசையில் பரப்பியிருந்தாள். அவர் கப்பலில் வேலை செய்தவராம், போன துறைமுகமெல்லாம் ஏதாவது வாங்கிவருவாராம். பீங்கான் நாய்க்கும் உடைந்த மணிக்கூட்டுக்கும் நடுவில் இந்த மண் பெண் நின்றாள். கிழவி, "செத் யூன் தெயெஸ்" என்றாள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"தெயெஸ் எண்டால் தேவியெல்லோ?"

"ஓம். ஆனா எந்த நாட்டுத் தேவியோ ஆருக்குத் தெரியும். வை கீழ."

"எங்கட ஊர் அம்மனும் பெட்டியில கடலால மிதந்து வந்து கரை ஒதுங்கினவ எண்டுதானே கதை. இவ கப்பலால வந்திருக்கிறா. அவ்வளவுதான் வித்தியாசம்."

மண் பொம்மையைத் துவாயில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாய். அடுத்த வெள்ளிக்கிழமை உன் சாமித்தட்டில், முருகனுக்கும் பிள்ளையாருக்கும் இடையில், சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு நின்றாள். நான் தலையில் கைவைத்தேன். பேர் தெரியாது, மந்திரம் தெரியாது, சைவமா மாமிசமா என்றுகூடத் தெரியாது. இப்படியொரு சாமியை ஆராவது வீட்டுக்குள் ஏற்றுவார்களா? "கையில என்ன எண்டு பார். தோசைதான். அப்ப சைவம்" என்றாய் நீ. அன்றைக்கு வைத்த பெயர்தான் தோசையம்மன்.

அதன்பிறகு உன் வீட்டில் முதல் தோசை அவளுக்குத்தான். உன் அவர் இருக்கும்வரை, "நான் மூண்டாம் தோசைக்குத்தான் உரித்தானவன்" என்று முறைப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவது மயூரிக்கு. ஆடிப்பூரத்துக்கு அம்மனுக்கு வளையல் போடப் பார்த்தாய். கை உடம்போடு ஒட்டியிருந்ததால் போட முடியவில்லை. கழுத்தில் மாலையாகப் போட்டுவிட்டாய். நான் ஒரு மாடி கீழே இருந்து ஏறிவந்து ஒவ்வொன்றுக்கும் குறை சொல்வேன். நீ என்னைச் "சாத்திரியார்" என்று கூப்பிடுவாய். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நம் சிநேகிதம் இப்படித்தான், நான் ஏச நீ சிரிக்க.

உனக்கு அந்த வருத்தம் வந்து, சத்திரசிகிச்சை செய்து, மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகுதான் சிரிப்புக் குறைந்தது. மருந்தால் விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருந்தது. நவராத்திரிக்கு முதல்நாள் அம்மனைக் குசினித் தொட்டியில் வைத்து முழுக்காட்டினாய். பிடித்திருக்கிறோம் என்று நினைத்த கை பிடித்திருக்கவில்லை. சத்தம் கேட்டு நான் திரும்பிப் பார்க்க, தோசையின் ஒரு விளிம்பும் அதைப் பிடித்திருந்த மூன்று விரலும் தனியே தொட்டிக்குள் கிடந்தன.

என் வளர்ப்பு அப்படி. எங்கள் வீட்டில் பின்னமான சாமியை ஒருநாள்கூட வைத்திருக்க மாட்டார்கள். கையோடு கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். நீ ஏற்கெனவே நோயாளி. பின்னமான சாமியால் இன்னும் ஏதாவது வந்துவிடுமோ என்று எனக்கு உண்மையாகவே பயம். வருகிற நேரமெல்லாம் அதையே சொன்னேன். நீ உடைந்தவளை அதே இடத்தில் வைத்து, அதே குங்குமத்தை வைத்தாய். ஒருநாள் நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். "பின்னப்பட்டதைக் கும்பிடக்கூடாது. ஆத்தில விட்டிடு!"

நீ கோபப்படவில்லை. சட்டைக்கு மேலால், மார்பை வெட்டி எடுத்த பக்கத்தில் கையை வைத்தாய்.

"எனக்கும் ஒரு பக்கம் இல்லை. நானும் பின்னந்தான். என்னை எப்ப ஆத்தில விடப்போறாய்?"

நீ ஒன்றும் நடக்காததுபோல் தேத்தண்ணி போடப் போய்விட்டாய். அதன்பிறகு நான் அந்தக் கதையை எடுத்ததேயில்லை.

ஆனால் போன கோடையில் நீயே எடுத்தாய். "வா, இவளை விட்டிட்டு வருவம்" என்றாய். இந்தமுறை வேண்டாம் என்று மன்றாடியது நான்தான். பார் கூத்தை.

"நீ சொன்னதுக்காக இல்லை" என்றாய். "நான் இல்லாத வீட்டில இவளுக்கு ஆர் விளக்கு வைக்கிறது? மயூரி நல்ல பிள்ளை, எறியமாட்டாள். கண்ணாடி அலுமாரிக்குள்ள வச்சுத் தூசி தட்டுவாள். தூசி தட்டுறதுக்கோ நான் கும்பிட்டனான்?"

வீட்டுக்குப் பக்கத்துப் பூங்கா, ஆற்றங்கரை. நாங்கள் ஆறில்லாத ஊரில் பிறந்தவர்கள், ஊரில் என்றால் கீரிமலைக் கடலுக்குத்தான் கொண்டுபோயிருப்போம் என்று நான் சொல்ல, "ஆறும் கடலுக்குத்தானே போகுது" என்றாய். காற்றில் கற்பூரம் நிற்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பைக்குள் வைத்துக் கொளுத்தினோம். ஓடிக்கொண்டு போன ஒருவன் "பொன்ஜூர்" சொல்லிவிட்டுப் போனான். முழங்கால் தண்ணீரில் நீ இறங்க, நான் உன் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு மெலிந்துபோயிருந்தாய் என்று அப்போதுதான் என் கைக்குத் தெரிந்தது. மஞ்சள் துணியை அவிழ்த்து, "போட்டு வாணை" என்று வழியனுப்பி அவளை விட்டாய். ஒரு கணம்கூட மிதக்கவில்லை.

கரைக்கு வந்த பிறகு, துணி முடிச்சிலிருந்து அந்த உடைந்த துண்டை எடுத்து என் கையில் வைத்து மூடினாய். "இது உனக்கு. பிரசாதம் இல்லை, தண்டனை" என்றாய். மயூரிக்கு இப்போது சொல்லவேண்டாம், உன் ஆட்டத்திவசம், முதல் வருடத் திவசம், முடிந்த பிறகு சொல் என்றும் சொன்னாய். "இப்ப தெரிஞ்சா இறங்கித் தேடுவாள். அவள் என்ர பிள்ளை." நானும் சரியென்று தலையாட்டினேன். அந்தத் துண்டைச் சாமித்தட்டில் வைக்கவும் மனம் வரவில்லை, எறியவும் மனம் வரவில்லை. கைப்பையின் சிப் வைத்த அறைக்குள் போட்டேன். அங்கேயே கிடந்தது.

நீ போனாய். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து வீட்டை ஒதுக்கும்போது, மயூரி நகையையும் கேட்கவில்லை, சேலையையும் கேட்கவில்லை. "அம்மாட தோசையம்மன் எங்க?" என்று மட்டும் கேட்டாள். செத்தவீட்டுக்கு வந்து தங்கிச் சாமித்தட்டை ஒதுக்கி வைத்தது உன் மச்சாள், மயூரியின் மாமி. மாமிதான் எடுத்திருக்கிறா என்று மயூரி முடிவுகட்டிவிட்டாள். அந்த மனுசி நல்லூரானில் சத்தியம் பண்ணி அழுதது. இவள் நம்பவில்லை. "அம்மாட சாமியைக் களவெடுத்தவவின்ர வீட்டுப் படி மிதியன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். எனக்கு உன்னில் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. செத்த ஆளுக்குக் கொடுத்த வாக்கை எப்படி உடைப்பது? இருக்கிற இரண்டு பேர் முட்டிக்கொண்டு நிற்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

நேற்று அந்தக் கண்ணாடிக்கு முன்னால் மயூரி சொன்னதைக் கேள். "இப்ப விளங்குதோ அன்ரி? இது ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல பழசு. மாமிக்குத் தெரிஞ்சிருக்கு. வித்திட்டா. உடைஞ்ச கையை இவை திருத்திப்போட்டினம். நீங்கள் சாட்சி சொன்னா நாளைக்கே பொலிசுக்குப் போறன்."

ரெண்டாயிரம் வருசம்! அதற்குத்தான் நீ தோசை படைத்தாயா? அதையா குசினித் தொட்டியில் வைத்து, பாத்திரம் விளக்குகிற சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் குளிப்பாட்டினாய்? அதையா நாங்கள் இரண்டு பேரும் ஆற்றில் போட்டோம்? பக்கத்து வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். என்ன சொல்வதென்று தெரியாமல், நேரம் கடத்துவதற்காக, "அதில என்ன எழுதியிருக்கு, முழுக்க வாசி" என்றேன்.

உன் மகள் பிரெஞ்சை வாசித்து வாசித்துத் தன் தமிழில் சொன்னாள். பினீசியர் என்று ஒரு சனம். இன்றைக்கு லெபனான் இருக்கிற கரையிலிருந்து கப்பலேறி, ஆப்பிரிக்காவின் வடக்குக் கரை, ஸ்பெயினின் தெற்குக் கரை, நடுவிலுள்ள தீவுகள் எங்கும் போய்க் குடியேறினவர்களாம். போன இடமெல்லாம் தங்கள் தேவியையும் கொண்டுபோனார்களாம். ஓரிடத்தில் அவள் அஸ்தார்த்தே, இன்னோரிடத்தில் தானித். போன ஊரின் களிமண்ணில் போன ஊரின் குயவனே செய்வானாம். தலைமயிரை எகிப்துக்காரிபோல் வைப்பான், உடுப்பைக் கிரேக்கக்காரிபோல் மடிப்பான், ஆனால் கும்பிடுகிறவர்களுக்கு அவள் தங்கள் தேவிதான். பக்கத்தில் ஒரு கல் இருந்தது. அதில் ஒரு முக்கோணம், அதன்மேல் குறுக்கே ஒரு கோடு, அதற்குமேல் ஒரு வட்டம். அதுவும் அவளாம். எங்கள் கார்தெரிப் பிள்ளைகளிடம் அம்மாவைக் கீறச் சொன்னால் அப்படித்தான் கீறுவார்கள்.

"கையில இருக்கிறது மேளமா இருக்கலாமாம். இல்லாட்டி படைக்கிற ரொட்டியாம். இன்னும் சரியாத் தெரியாதாம்" என்றாள் மயூரி. உன் தோசைக்கு அறிஞர்களே இடம் விட்டிருக்கிறார்கள் பார். கடைசி வரிக்கு வந்ததும் அவள் நிறுத்தி, திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள்.

"இது கடலுக்கு அடியில எடுத்ததாம் அன்ரி. ஸ்பெயின்ல, ஒரு துறைமுகத்துக்குக் கிட்ட. கப்பல் உடைஞ்சு விழேல்லையாம். சனங்கள் தாங்களே, எக்ஸ்பிறே, வேணுமெண்டே, தண்ணிக்குள்ள விட்டதாம். தேவிக்குக் குடுத்ததாம்."

எழுந்து மறுபடி கண்ணாடிக்குக் கிட்டப் போனேன். அவளுக்கும் ஒரு காது உடைந்திருந்தது. எவளோ ஒருத்தி, பிறந்த ஊரை விட்டு எவ்வளவோ தூரம் வந்தவள், முழங்கால் தண்ணீரில் இறங்கி இவளை விட்டிருக்கிறாள். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தி நின்றிருக்க வேண்டும். யாரும் உனக்குச் சொல்லித்தரவில்லை. நீ செய்தாய்.

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. வாக்கை உடைத்தேன். ஆட்டத்திவசம்வரை காத்திருந்தால் கண்ணாடிக்குள் நிற்பது வேறொருத்தி என்று தெரிந்தாலும் உன் மச்சாள் இவளுக்குக் கள்ளியாகவே இருப்பா, பிறகு எதற்கு வாக்கு? "மாமி எடுக்கேல்லை பிள்ளை. அம்மாதான் விட்டவ. ஆத்தில. நானும் நிண்டனான்" என்றேன்.

மயூரி ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஏசவில்லை. "கடைசியில உங்களைத்தான் கூட்டிக்கொண்டு போனவா. என்னை இல்லை" என்றாள். அது ஏச்சைவிட மோசமாகப் பட்டது. எந்த இடத்தில் என்று கேட்டாள். சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உனக்குத் தெரியாதல்லவா, அந்தியேட்டியன்று உன் சாம்பலைக் கரைக்க இடம் தெரிந்தெடுத்தது மயூரிதான். வேறு தொலைவான இடமெல்லாம் ஆட்கள் சொன்னார்கள். "அம்மா நடக்கிற பார்க்" என்று அவள் பிடிவாதமாக நின்றாள். அன்றைக்கு அந்தக் கரையில், நாம் அம்மனை விட்ட அதே இடத்தில்தான் அவள் குனிந்தாள். ஐயர் பனியில் நடுங்கிக்கொண்டு மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீருக்குள் அம்மன் நிற்கிறாள், மேலே நீ போகிறாய் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நேற்று அதையும் மயூரிக்குச் சொன்னேன். அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. காவல்காரப் பெண் இந்தமுறை ஒன்றும் சொல்லாமல் மற்றப்பக்கம் திரும்பி நின்றாள்.

கைப்பையைத் திறந்து அந்தத் துண்டை எடுத்து அவளுக்குக் கொடுத்தேன். இத்தனை மாதம் பைக்குள் கிடந்தும் சந்தனம் மணத்தது. அந்நேரம் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு விளக்கம் சொல்கிற பொடியன் வந்தான். மயூரி துண்டைக் கைக்குள் மூடிக்கொண்டு அவனிடம் பிரெஞ்சில் கேட்டாள், இப்படி ஒன்று வீட்டிலிருந்தால் அது உண்மையானதா என்று எப்படித் தெரியும் என்று. உல்லாசப் பயணிகளுக்கு விற்கிற போலிகள்தான் அதிகம், கண்ணால் பார்க்காமல் சொல்ல முடியாது, ஆனால் ஒரு சின்னத் துண்டு இருந்தாலே ஆய்வுகூடத்தில் சொல்லிவிடுவார்கள் என்றான் அவன். சொல்லிவிட்டு, "உங்களிட்டை இருக்கா?" என்று ஆவலாகக் கேட்டான்.

கொடு என்று சொல்லவும் ஆசை, கொடுக்காதே என்று சொல்லவும் ஆசை. உண்மை என்றால், நாளைக்கே சுழியோடிகளை இறக்கி உன் ஆற்றைக் கிண்டுவார்கள். போலி என்றால், நீ இத்தனை வருடம் விளக்கு வைத்தது கடைப்பொம்மைக்கு என்று உன் பிள்ளை வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். மயூரியின் மூடிய கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நோன், மெர்சி" என்றாள் உன் மகள்.

மெட்ரோவுக்கு நடந்தோம். பச்சை லைன் மேடையில் நின்றபடியே மாமிக்கு ஃபோன் எடுத்தாள். "மாமி, நான் மயூரி" என்றதற்குமேல் அவளுக்குக் கதைக்க முடியவில்லை. மற்றப்பக்கத்தில் அந்த மனுசி "அழாதை பிள்ளை, அழாதை" என்று சொல்வது எனக்கே கேட்டது. களவெடுத்தாய் என்று பழி கேட்டவ, காரணம்கூடக் கேட்காமல் இவளைத் தேற்றிக்கொண்டிருந்தா. ஃபோனை வைத்துவிட்டு மயூரி என் கையை இழுத்து, அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்து மூடினாள். நீ மூடினமாதிரியே.

"நீங்களே வச்சிருங்கோ அன்ரி. என்னட்டை இருந்தா நான் கண்ணாடிக்குள்ள வச்சிடுவன். அம்மாக்கு அது பிடிக்காது."

கண்ணாடி அலுமாரியைப் பற்றி நீ சொன்னதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. ரயில் வந்து நின்று, கதவு திறந்து மூடி, போய்விட்டது. நான் ஏறாமல் நின்றேன். இறங்கித் தேடுவாள் என்றாயே. அவள் இறங்கவில்லை. நீ பெற்ற பிள்ளையை உனக்கே சரியாகத் தெரியவில்லை, பார்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. குளித்துவிட்டுத் தோசை சுட்டேன். முதல் தோசையை எடுத்து வைத்தேன். என் சாமித்தட்டில், இத்தனை காலமும் ஒரு கீறல் விழுந்த படத்தைக்கூட நான் வைத்திராத தட்டில், பின்னத்திலும் பின்னமாக மூன்று விரலும் ஒரு விளிம்பும் இருக்கின்றன. பொட்டு எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நடுவிரலில் வைத்தேன்.

என்னை எப்போது ஆற்றில் விடப்போகிறாய் என்று கேட்டாய். உன்னை விட்டாயிற்று. அவளையும் விட்டாயிற்று. இதை விடமாட்டன், போடி.